குளத்துக் கூண்டு மங்கிப் போச்சா? வலையை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊரான முட்டம் பக்கம் அக்கா வீட்டில் சின்ன நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியும் மேலேயும் அலுமினியச் சட்டம் நிறுத்தி, கொசுவலை அடித்த கூண்டு. ஃப்ளோரிடாவில் பல வருடம் வேலை பார்த்த அத்தான், அங்கே வீட்டுக்கு வீடு இப்படித்தான், இலை விழாது, பூச்சி வராது, முதலைகூட உள்ளே நுழையாது என்று சொல்லி ஆசையாகக் கட்டினார். முட்டத்தில் முதலைக்கு எங்கே போவது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஊரில் அதற்கு வைத்த பெயர் கோழிக்கூடு.

கட்டி முடித்துக் கொஞ்ச காலத்தில் அவர்கள் திரும்பவும் அமெரிக்கா போய்விட, கூண்டு என் தலையில் விழுந்தது. நாலாவது வருடம் லீவுக்கு வந்த அக்கா முதல் நாளே கேட்டாள், "மக்கா, கடல் எங்கடே போச்சு?" உண்மையிலேயே கடல் தெரியவில்லை, ஏதோ சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தது. வேலைக்குக் கூப்பிட்ட ஃபேப்ரிகேஷன்காரர் ஏறிட்டுப் பார்த்ததுமே மொத்த வலையையும் மாற்றணும் என்று ஒரு தொகை சொன்னார், நானும் தலையாட்டப் போனேன், நல்லவேளை அன்றைக்கு மழை வந்து வேலை தள்ளிப்போனது. மழை விட்டதும் பார்த்தால் மேற்குப் பக்கம் பாதி தெளிந்திருந்தது! அதாவது பாதி மங்கல் வெறும் அழுக்கு. அன்றிலிருந்து எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் அறிகுறியைப் பார்க்கிறேன், காசை அப்புறம்தான் எடுக்கிறேன். குளம் இல்லாமல் சிட்அவுட்டுக்கோ மொட்டைமாடிக்கோ வலைக்கூண்டு போட்டிருக்கிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிச் சிக்கலுக்கு இதுதான் அடிப்படை. பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டம் பின்னிய சாளரங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருட்டாக இருக்கும், உள்ளே நிற்பவருக்கு வெளியே நடப்பதெல்லாம் தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே யார் என்றே தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது அதே மரச்சட்டம்தான், வித்தியாசம் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் இருக்கிறது. கொசுவலையும் அப்படியே. அதற்குப் பின்னால் இருக்கிற காட்சியைவிட வலை இருட்டாக இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும், வலை மினுங்கினால் கண் வலையிலேயே நின்றுவிடும். வலையை மினுங்க வைப்பது எது? உப்பு, தூசி, சுண்ணாம்புப் படிவு, வெளிர் நிறம், தப்பான இடத்தில் மாட்டிய விளக்கு. இந்த ஐந்தையும்தான் நாம் துரத்தப் போகிறோம்.

எல்லாம் புகை மூட்டமாகத் தெரிகிறது, சாயங்காலம் இன்னும் மோசம்

ஒரே ஒரு பலகையை மட்டும் கழுவிப் பாருங்கள். பலகை என்று நான் சொல்வது நாலு பக்கமும் சட்டம் வைத்து வலை அடித்த ஒரு கட்டத்தை. ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், மெல்லிய தும்பு உள்ள நீளக் கைப்பிடி பிரஷ், மேலிருந்து கீழாகத் தேய்த்து, ஹோஸ் தண்ணீரில் உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை அலசுங்கள். காயவிட்டுப் பக்கத்துப் பலகையோடு ஒப்பிடுங்கள். சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரத்தில் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் தாழ்வாக வரும் வெயில் வலையில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறி நேராக நம் கண்ணுக்கு வருகிறது. நண்பகலில் அதே வலை பரவாயில்லை என்று தோன்றும்.

கழுவியது தெளிந்துவிட்டதா? உங்கள் வலை நன்றாகத்தான் இருக்கிறது. மீதியையும் கழுவுங்கள், யாரையும் கூப்பிட வேண்டாம்.

கடலோரத்தில் இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்றால், காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஈரமான உப்பில் மண் ஒட்டும், காய்ந்தால் கெட்டியாகும், மறுநாள் திரும்பவும் ஈரமாகும். மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. குலசேகரம், திற்பரப்பு பக்கம் உப்பு இல்லை, அங்கே வருவது செம்மண் தூசியும் ரப்பர்த் தோட்டத்து ஈரமும்தான். கடலுக்கு அருகே என்றால் மாதம் ஒரு தடவை வெறும் நல்ல தண்ணீரில் அலசுவதே போதும், சோப்பு வருடத்துக்கு இரண்டு தடவை, இரண்டு மழைக்காலமும் முடிந்து முடிந்து.

பிரஷர் வாஷர் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். வண்டி கழுவுகிற கடையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி அடித்தேன், இரண்டு பலகையில் வலை அதைப் பிடித்திருக்கிற ஓரத்து ரப்பரோடு பிய்ந்து குளத்தில் மிதந்தது. விசிறி மாதிரி விரிகிற முனை போட்டு, குறைந்த அழுத்தத்தில், தள்ளி நின்று அடித்தால் சரி. ஊசி மாதிரிப் பாய்கிற முனை வேண்டவே வேண்டாம்.

கழுவிய பிறகும் வெள்ளையாகவே இருக்கிறது

இங்கே மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்கணும்.

சொட்டுச் சொட்டாக, வட்டமாக வெள்ளைக் கறை என்றால் அது உங்கள் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு. சோப்புக்குப் போகாது. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஒரு துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது கிடையாது. கழிவறை கழுவுகிற ஆசிட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

விரலால் தேய்த்தால் மாவு மாதிரி கையில் ஒட்டுகிறது, வலையை லேசாக மடக்கினால் நொறுங்குகிறது என்றால் வலை வெயிலில் செத்துவிட்டது. நம் ஊரில் அதிகம் புழங்குவது கண்ணாடி இழையின் மேல் பிவிசி பூசிய ஃபைபர் வலை, பூச்சு போனதும் உள்ளே இருக்கிற வெள்ளை இழை வெளியே வந்துவிடும். இதை எதைப் போட்டும் மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பொதுவாகக் கூரைப் பலகைகள்தான் முதலில் போகும், சுவர்ப் பக்கம் இன்னும் சில வருடம் ஓடும். ஆகவே மொத்தமாக மாற்றணும் என்று சொல்கிறவரிடம் எந்தெந்தப் பலகை என்று விரல் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வலை புதுசுதான், ஆனால் நிறமே வெள்ளை அல்லது வெளிர் சாம்பல். இது கோளாறே இல்லை, தேர்வு. கடையில் ரோலைப் பிரித்துக் காட்டும்போது வெள்ளை சுத்தமாகத் தெரியும், கறுப்பு அடைத்த மாதிரி தெரியும், நாமும் வெள்ளையை வாங்கி வந்துவிடுவோம். வீட்டில் மாட்டிப் பார்த்தால் நேர் தலைகீழ். கறுப்பு இழை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது குறைவு, அதனால் கண்ணுக்கு மறைந்துபோகும். கடையிலேயே இரண்டு துண்டு வாங்கி, வீட்டில் சட்டத்தில் கிளிப் போட்டு மாட்டி, ஆறு அடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

பச்சையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக

பச்சை என்றால் பாசி, கறுப்பு என்றால் பூஞ்சணம். வடக்குப் பக்கத்திலும் பலாமரத்து நிழலிலும்தான் வரும், வெயில் படும் பக்கம் பார்க்கவே முடியாது. சோப்புத் தண்ணீரில் முக்கால்வாசி போய்விடும். போகாத இடத்துக்குத் துணி வெளுக்கும் ப்ளீச் திரவத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். பூச்சு இல்லாத அலுமினியத்தில் அது ஊறக்கூடாது.

முந்தின பகுதியில் வினிகர் சொன்னேன், இதில் ப்ளீச் சொல்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். ப்ளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சுக்குழாயைச் சுட்டுவிடும். திறந்தவெளிதானே என்ற தைரியம் வேண்டாம்.

அதே இடத்தில் வருடா வருடம் பாசி வந்தால் மேலே தொங்குகிற கிளையை வெட்டுங்கள், கழுவிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

வலை தொய்ந்து, அலை அலையாகத் தெரிகிறது

தொய்ந்த வலை சுத்தமாக இருந்தாலும் காட்சியைக் கெடுக்கும், காற்றுக்கு அசைய அசைய மினுங்கும். நடுவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தி, ஓரத்தைக் கவனியுங்கள். ஓரத்தில் ரப்பர் நகர்கிறது என்றால் சிக்கல் ரப்பரில், அடுத்த பகுதிக்குப் போங்கள். ரப்பர் அசையாமல் வலை மட்டும் பை மாதிரி உள்வாங்குகிறது என்றால் வலை நீண்டுவிட்டது. ஒரு ஓரத்து ரப்பரை எடுத்து, இழுத்துத் திரும்பப் பதிக்கலாம், ஒரு தடவைக்குத்தான் அது உதவும்.

சட்டமே நடுவில் உள்ளே வளைந்து உடுக்கை மாதிரி இருந்தால் யாரோ ரொம்ப இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலைக்காரர் என்று பேர் வாங்க வீணைத் தந்தி மாதிரி முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபைபர் வலைக்கு அது தேவையில்லை, சுருக்கம் இல்லாமல் தட்டையாக இருந்தால் போதும்.

கூரையில் மட்டும் தொய்வு என்றால் மேலே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். அக்கா வீட்டில் கொதும்பும் மட்டையும் விழுந்து, அதில் சருகு சேர்ந்து, சருகில் மழைத்தண்ணீர் தேங்கி, வயிறு மாதிரி தொங்கியது. நீளக் கம்பில் துணி சுற்றிக் கீழிருந்து தட்டித் தள்ளுங்கள். மேலே ஏறி நிற்கவே கூடாது, அந்தச் சட்டங்கள் வலையைத் தாங்கப் போட்டவை, ஆளைத் தாங்க அல்ல. கூண்டுக்கு மேல் தென்னை சாய்ந்திருந்தால் காய் முற்றும் முன்பே பறித்துவிடுங்கள், முற்றின தேங்காய்க்கு எந்த வலையும் ஈடு கொடுக்காது.

ஓரத்து ரப்பர் வெளியே வந்து தொங்குகிறது

சட்டத்தின் காடிக்குள், அதாவது அதில் ஓடுகிற நீளப் பள்ளத்துக்குள், வலையை அழுத்திப் பிடிக்கிற கயிறு மாதிரியான ரப்பர், கடையில் ரப்பர் பீடிங் என்று கேட்டால் தருவார்கள். வெயிலில் நாலைந்து வருடத்தில் கெட்டியாகிச் சுருங்கிவிடும். நகத்தால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்து திரும்பி வந்தால் உயிர் இருக்கிறது, கல் மாதிரி இருந்தால் மாற்றுங்கள்.

இதில் பலரும் தவறுவது அளவில்தான். பழைய ரப்பர் சுருங்கியிருக்கும், அதைக் கொண்டுபோய் அளவு காட்டி வாங்கினால் மெல்லிசாக வந்துவிடும், ஒரு ஆடிக் காற்றுக்கே கழன்றுவிடும். காடியின் உள் அகலத்தை அளந்து, அதோடு வாங்கப்போகிற வலைத் துண்டையும் எடுத்துப் போய், சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்றில் கடையிலேயே போட்டுப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பாதி போகணும், மீதிக்கு உருளை (முனையில் சக்கரம் வைத்த, ரப்பரை அழுத்துகிற கைக்கருவி) வேண்டியிருக்கணும், அதுதான் சரியான தடிமன். வலையின் தடிமன் மாறினால் ரப்பரின் அளவும் மாறும்.

போடும் முறை: காடியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து உப்புத் தூளை வெளியேற்றுங்கள், இதைத் தவிர்த்தால் ரப்பர் ஆழமாக உட்காராது. வலையை எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். நிற்கிற சட்டத்தில் போடுவதானால் முதலில் மேல் ஓரம், அடுத்து கீழ் ஓரம், கடைசியாக இரண்டு பக்கம். இழை சட்டத்துக்கு நேராக ஓடுகிறதா என்று ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் தள்ளி நின்று பாருங்கள், கோணலாகப் போன இழை சின்ன விஷயம் மாதிரி இருக்கும், கடலின் தொடுவானம் பக்கத்தில் வந்ததும் கண்ணை உறுத்தும். ரப்பரில் சோப்புத் தண்ணீர் தொட்டால் வழுக்கி உள்ளே போகும். ஃபைபர் வலைக்குப் பள்ளம் உள்ள சக்கரத்தால் ரப்பரையும் வலையையும் சேர்த்தே அழுத்தலாம், உலோக வலைக்கு மேடான சக்கரத்தால் முதலில் வலையைக் காடிக்குள் மடித்துவிட்டு அப்புறம் ரப்பர். மூலையில் ரப்பரை வெட்டாமல் திருப்பிக்கொண்டு போகலாம், ஆனால் இழுத்துத் திருப்பக்கூடாது, இழுத்த ரப்பர் ஒரு மாதத்தில் பழைய நீளத்துக்கு வந்து மூலையிலிருந்து விலகிவிடும். மீதி வலையை வெட்டும்போது பிளேடின் முனை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், உள்ளே சாய்ந்தால் இப்போது போட்ட வலையையே அறுத்துவிடுவீர்கள். நான் அறுத்திருக்கிறேன், இரண்டு தடவை.

திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி, கீழே துருக்கோடு

இதை அழகுப் பிரச்சினை என்று நினைத்து பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். அது கூண்டைத் தாங்குகிற எலும்பில் வந்திருக்கிற நோய்.

பாக்கெட்டில் ஒரு காந்தம் போட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகிலும் வையுங்கள். கப்பென்று பிடித்தால் அது இரும்பு, மேலே வெள்ளைப் பூச்சு அடித்திருந்தாலும் சரி. துருப்பிடிக்காத எஃகு 304, 316 ரகங்கள் காந்தத்தை இழுக்காது, இழுத்தாலும் பேருக்குத்தான். அலுமினியத்தில் இரும்புத் திருகு, நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி, அதில் கரைந்து போவது அலுமினியம். அந்த வெள்ளைப் பொடி உங்கள் சட்டம்தான். திருகும் தன் பங்குக்குத் துருப்பிடித்து வீங்கி ஓட்டையைப் பெரிதாக்கும்.

ஒரு திருகைக் கழற்றி, ஓட்டையைச் சுத்தம் செய்து, புதுசை மாட்டிய பிறகே அடுத்த திருகில் கை வையுங்கள். ஒரே மூச்சில் நாலைந்தைக் கழற்றினால் சட்டம் நகர்ந்துவிடும், கூரைப் பக்கம் என்றால் தலையில் வரும். கடலுக்குப் பக்கத்தில் 316 ரகம் வாங்குங்கள், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்புக்கு அதுதான் தாங்கும். 304 ரகம் நாகர்கோவில், தக்கலை மாதிரி கடலை விட்டுத் தள்ளிய ஊரில் போதும், முட்டத்தில் போட்டால் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு படர்ந்துவிடுகிறது. தலைக்கு அடியில் ஒரு நைலான் வாஷர், ஓட்டையில் ஒரு சொட்டு சிலிகான் சீலன்ட், தண்ணீர் உள்ளே போகாவிட்டால் பேட்டரியும் கிடையாது.

ஓட்டை தளர்ந்து திருகு சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு அளவு பெரியது போடலாம். சட்டத்தையே விரல் அழுத்தத்தில் உள்வாங்கும் அளவுக்கு அரித்திருந்தால், அதுவும் தரையோடு சேர்கிற இடத்தில் என்றால், அங்கே நம் வேலை முடிந்தது, ஃபேப்ரிகேஷன்காரரைக் கூப்பிட்டுத் தூணையே மாற்றுங்கள்.

இன்னொன்று. குளத்துக்குப் போடுகிற ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட் கேனையும் கூண்டுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்திருக்கிறீர்களா? அந்த மூலையில் மட்டும் எல்லாத் திருகும் சிவந்திருக்கும், போய்ப் பாருங்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி வரும். வெளியே ஷெட்டுக்குக் கொண்டுபோங்கள், இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

சட்டத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது

மெயினை அணையுங்கள், குளத்தில் யாரும் இறங்கக்கூடாது, எலெக்ட்ரீஷியன் வந்து பம்பு, விளக்கு, எர்த் எல்லாம் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணைகிற சுவிட்ச்) இருக்கிறதா என்று சோதித்த பிறகே திரும்ப மெயினைப் போடணும். இதில் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை.

வலை முழுசாக இருக்கிறது, கொசு உள்ளே இருக்கிறது

ராத்திரி உள்ளே எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வெளியே போய்ச் சுற்றி வாருங்கள், எந்தச் சந்தில் வெளிச்சம் கீற்றாக வருகிறதோ அங்கேதான் வழி. பெரும்பாலும் கதவுக்கு அடியில், சட்டம் வீட்டுச் சுவரைத் தொடுகிற இடத்தில், தண்ணீர் வெளியேறக் கீழே விட்ட ஓட்டைகளில். கதவுக்கு பிரஷ் பட்டை, சுவருக்கு சிலிகான், ஓட்டைக்குச் சின்னத் துண்டு வலை.

சந்தே இல்லாமல் கொசு என்றால் அது உள்ளேயே பிறக்கிறது. பூந்தொட்டித் தட்டு, குழந்தைகள் விட்டுப்போன வாளி, பம்பு மூடிப் பள்ளம் பாருங்கள். ரப்பர்த் தோட்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பால் வெட்டாத மழை நாளில் மரத்தில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டையில் எவ்வளவு புழு நெளியும் என்று.

கொசுவைவிடச் சின்னதாக, வலைக்குள்ளேயே புகுந்து கடிக்கிற பூச்சி என்றால் அங்குலத்துக்கு 20-க்கு 20 கண் உள்ள நெருக்கமான வலை வேண்டும், அதன் விலை காட்சியில் கழியும். அந்தக் கணக்கு கடைசியில் வருகிறது.

கதவு உரசுகிறது, தானாக மூடவில்லை

தள்ளு கதவு என்றால் அடித்தண்டவாளத்தில் மணல். எங்கள் பக்கத்துக் கருமணல் கனமானது, துடைப்பத்துக்கு வராது, ஈரத்துணியால் எடுக்கணும். சாதாரணக் கதவு என்றால் மேல் கீல் இறங்கியிருக்கும், திருகை இறுக்கினாலே பாதிக் கதவு எழும்பிவிடும்.

குளம் என்றால் தானாக மூடும் கீல் கட்டாயம். ஃப்ளோரிடாவில் அது அரசாங்க விதியே, குளத்துக் கதவு வெளிப்பக்கம் திறக்கணும், தானாக மூடித் தாழ் விழணும், தாழைத் திறக்கிற பிடி சின்னக் குழந்தையின் கை எட்டாத இடத்தில் இருக்கணும். இங்கே யாரும் வந்து கேட்கப்போவதில்லை, ஆனாலும் நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

காற்றடித்தால் மொத்தமும் ஆடுகிறது

கீழே தூண்களைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், சுற்றினால் இறுக்குங்கள், இறுகாமல் கான்கிரீட்டுக்குள் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் வேறு இடத்தில் புது ஆங்கர் போல்ட் அடிக்கணும். மூலைகளில் குறுக்குச் சட்டமோ கேபிளோ இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கடைந்த வலை காற்றை விடாது, படகின் பாய் மாதிரி வாங்கிக்கொள்ளும், ஆகவே கழுவுவது இங்கேயும் மருந்து. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்பவர்கள், காற்றாலை நிற்கிற ஊரில் கூண்டு கட்டுகிறோம் என்பதை நினைவில் வைத்துத் தூண் கனத்தை முடிவு செய்யுங்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பர் மரமும் வாழையும் தென்னையும் என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தோம். புயல் எச்சரிக்கை வந்தால் நான் செய்வது, நேரம் இருக்கும்போதே காற்று மோதும் பக்கத்தின் பெரிய பலகைகளில் ரப்பரை உருவி வலையைச் சுருட்டி வைத்துவிடுவேன். வலை போனால் ரோலுக்கு ஆகிற காசு, சட்டம் போனால் புதுக் கூண்டு.

பகலில் சரி, ராத்திரி வெளியே எதுவுமே தெரியவில்லை

மேல் சட்டத்தில் குழல் விளக்கோ எல்இடி பேனலோ மாட்டியிருப்பீர்கள், அந்த வெளிச்சம் வலையின் உள்பக்கத்தில் விழுந்து வலை வெள்ளைச் சுவராகிவிடுகிறது. பத்மநாபபுரம் சாளரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், இப்போது நாம் வெளிச்சப் பக்கத்தில் நிற்கிறோம். விளக்கைக் கீழே கொண்டுவாருங்கள், முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்து, வலைக்கு முதுகு காட்டி. மஞ்சள் நிறமாக இருந்தால் பூச்சியும் குறைவாக வரும். வெளியே தென்னை மூட்டில் ஒரு விளக்கை மேல்நோக்கி வைத்தால் கூண்டே இல்லாத மாதிரி தோட்டம் தெரியும். செலவு குறைவு, பலன் அதிகம், ஆனால் இதைத்தான் யாரும் செய்வதில்லை.

எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் தெளிவு வேண்டும்

இதுதான் மேம்படுத்துவது. கோளாறு இருக்கும்போது இதில் இறங்கினால் காசு தண்ணீரில் போகும்.

முதலில் வலைக் கணக்கு. சாதாரண ஃபைபர் வலையில் அங்குலத்துக்கு 18-க்கு 16 கண், இழை சுமார் 0.28 மி.மீ. கணக்குப் போட்டால் 66 சதவீதம் திறந்த வெளி, மீதி இழை. ஃப்ளோரிடாவில் குளக் கூண்டுக்கு வழக்கமாகப் போடுவது 18-க்கு 14, அதே இழையில் 68 சதவீதம், கொஞ்சம்தான் கூட. அதே இழையில் 20-க்கு 20 என்றால் 61-க்கு இறங்கிவிடும், காற்றும் குறையும். 0.23 மி.மீ. மெல்லிய எஃகுக் கம்பியில் 18-க்கு 16 நெய்தால் 72 வரை வரும். ஆக வலை வாங்கும்போது கண்ணின் எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள், இழையின் தடிமனையும் கேளுங்கள். எஃகு வலை பல மடங்கு விலை, கறுப்புப் பூச்சு இல்லாமல் வாங்கினால் பளபளத்துக் காரியத்தைக் கெடுக்கும், கடலோரம் என்றால் அதுவும் 316 ஆகவே இருக்கணும். எனக்குக் கேட்டால் உட்கார்ந்து பார்க்கிற ஒரு பக்கத்துக்கு மட்டும் நல்ல வலை, கூரைக்கும் பின்பக்கத்துக்கும் சாதாரணக் கறுப்பு ஃபைபர்.

அடுத்தது சட்டத்தின் நிறம். வெள்ளைச் சட்டம் வெயிலில் கண்ணைப் பறிக்கும். கரும்பழுப்போ கறுப்போ பவுடர் கோட்டிங் கொடுத்தால் சட்டம் மரங்களோடு சேர்ந்து மறையும். பழைய சட்டத்துக்கு நிற்கிற நிலையில் பெயிண்ட் அடிப்பதானால் உப்பைக் கழுவி, உரசி, அலுமினியத்துக்கான பிரைமர் போட்டுவிட்டுத்தான், இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் தோல் உரிந்துவிடும்.

கடைசியாக, குறுக்குச் சட்டம். அக்கா வீட்டில் எல்லாம் கழுவி, வலை மாற்றி, விளக்கை இறக்கிய பிறகும் அவளுக்குத் திருப்தி இல்லை. ஏன் என்று ஒரு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், மூன்றே முக்கால் அடி உயரத்தில் ஓடிய குறுக்குச் சட்டம் சரியாகத் தொடுவானத்தின் மேல் படுத்துக்கிடந்தது. நின்று பார்த்த எங்கள் யாருக்கும் அது தெரியவே இல்லை. அந்தப் பக்கத்து மூன்று பலகையில் குறுக்குச் சட்டத்தை இரண்டடிக்கு இறக்கினோம், மேல் பலகை பெரிதாகிவிட்டதால் தூணைக் கனமானதாக மாற்ற வேண்டி வந்தது, அதைச் செய்யாமல் சட்டத்தை மட்டும் எடுத்தால் ஆடிக் காற்றில் வலை பிய்யும். உங்கள் கூண்டில் சட்டத்தில் கை வைக்கும் முன் வீட்டில் எல்லோரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கண் உயரத்தைச் சாக்பீஸால் தூணில் குறித்து வையுங்கள். அக்காவுக்கு ஒரு கோடு, அத்தானுக்கு அதற்கு மேல் ஒரு கோடு, இரண்டும் இன்னும் அந்தத் தூணில் இருக்கிறது.